பழைய சான்ட்ரோவுக்கு கைப்பிடி கிடைக்குமா? - வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்க வீட்டுல 2005 மாடல் சான்ட்ரோ ஜிங். இன்ஜின் கல்லு மாதிரி இருக்கு, ஆனா டிரைவர் பக்கக் கதவோட வெளிக் கைப்பிடி உடைஞ்சு போச்சு, கண்ணாடியை இறக்கி உள்ள கைவிட்டுத்தான் திறக்கறேன். கடலூர்ல கேட்ட கடையிலெல்லாம் "அது இப்ப வராது சார்"ங்கறாங்க. வண்டியையே மாத்திடலாம்னு பையன் நச்சரிக்கறான். - வாசகர், மஞ்சக்குப்பம்

பதில்: கைப்பிடிக்காக காரை மாத்தறதா, நல்ல பையன் சார். வராதுன்னு கடைக்காரர் சொன்னா அவர் அலமாரியில இல்ல, அவ்வளவுதான். நீங்க "சான்ட்ரோ கைப்பிடி இருக்கா"ன்னு வாயால கேட்டிருப்பீங்க, அதுல இடது இருக்கு வலது இருக்கு, பாடி கலர் இருக்கு கறுப்பு இருக்கு, அவர் எதைன்னு தேடுவார்? ஆர்.சி.யில 17 எழுத்து சேஸிஸ் நம்பர் இருக்கும், அதை கம்பெனி பார்ட்ஸ் கவுன்ட்டர்ல குடுத்தா சிஸ்டத்துல பார்த்து பார்ட் நம்பர் சொல்லுவாங்க. அவங்ககிட்ட ஸ்டாக் இல்லாட்டியும் நம்பரை மட்டும் எழுதி வாங்கிட்டு வந்துடுங்க, அப்புறம் சென்னை ஜி.பி. ரோடு கடைங்களுக்கு போன் போட்டு கேட்கலாம், ஆன்லைன்ல அடிச்சும் பார்க்கலாம்.

இன்ஜின் சாமானைப் பத்தி பயமே வேண்டாம். ஜிங் 2003ல வந்து 2014 வரைக்கும் இருங்காட்டுக்கோட்டையில தயாரான வண்டி, அந்த 1.1 லிட்டர் இன்ஜின் குடும்பம் ஐ10லயும் தொடர்ந்துச்சு. ஃபில்டர், பிளக், கிளட்ச் பிளேட், பிரேக் பேட், லோயர் ஆர்ம் எல்லாம் இன்னும் பல வருஷத்துக்கு கிடைக்கும். பழைய வண்டியில முதல்ல அருகிப் போறது பிளாஸ்டிக், பீடிங், லைட், உள்ள இருக்கற டிரிம் இந்த மாதிரி ஐட்டம்தான், அதனால கைப்பிடி கிடைச்சா ரெண்டு பக்கத்துக்கும் வாங்கி வைங்க, அந்தப் பக்கமும் சீக்கிரம் உடையும்.

இன்னொரு விஷயம், கழட்டின பழைய பார்ட்டை மெக்கானிக் ஷெட்லயே விட்டுட்டு வராதீங்க. அதை எந்தக் கம்பெனி பண்ணிக் குடுத்ததுன்னு நிறைய பார்ட்டு மேலயே அச்சடிச்சிருக்கும். கார் கம்பெனி தன் டப்பாவுல போட்டு விக்கற சாமான்ல பாதிக்கு மேல வேற யாரோ பண்ணதுதான், போஷ், வாலியோ, லூகாஸ் டிவிஎஸ் மாதிரி ஆளுங்க (லூகாஸுக்கு நம்ம புதுச்சேரி பக்கமே ஒரு பிளான்ட் இருக்கு). அதே ஆளோட சொந்த டப்பாவுல வாங்கினா பெரும்பாலும் விலை கம்மி.

செகண்ட்ஸ் வாங்க சென்னை புதுப்பேட்டை போறதா இருந்தா உடைஞ்ச கைப்பிடியையும் கையில எடுத்துட்டுப் போங்க, பக்கத்துல வெச்சுப் பார்த்து வாங்கணும். கைப்பிடி, ஜன்னல் சுத்தற வைண்டர், கண்ணாடி, ஹெட்லைட், சீட்டு, முழுக் கதவு கூட அங்க தாராளமா வாங்கலாம். ஆனா பிரேக், ஸ்டியரிங் சம்பந்தப்பட்டது, பெல்ட், ரப்பர் ஹோஸ் இதையெல்லாம் செகண்ட்ஸ்ல தொடவே கூடாது, டூப்ளிகேட்டும் கூடாது. கைப்பிடி டூப்ளிகேட்டா இருந்தா என்ன, கதவு திறந்தா சரி. ஈ.சி.எம். (இன்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர் பெட்டி), ஒயரிங் இதெல்லாம் செகண்ட்ஸ்ல வாங்கறதும் எனக்குப் பிடிக்காது, வெள்ளத்துல நின்ன வண்டியோடதா இல்லையான்னு வெளியில பார்த்து சொல்லவே முடியாது.

நீங்க கேட்காதது ஒண்ணு, டைமிங் பெல்ட் (இன்ஜின் வால்வுகளை நேரம் தவறாம இயக்கற ரப்பர் பட்டை) எப்ப மாத்தினீங்க? ஞாபகம் இல்லன்னா கைப்பிடிக்கு முன்னாடி அதை மாத்துங்க, அதை இறுக்கிப் பிடிக்கற டென்ஷனரோட சேர்த்து. வண்டி ஓடாம ஷெட்ல நின்னாலும் ரப்பருக்கு வயசாகும், ஓடறப்ப அறுந்தா வால்வு வளைஞ்சு இன்ஜினையே இறக்க வேண்டி வரும். அப்ப பையன் சொல்றதுதான் நடக்கும்.

கேள்வி: கடற்கரைக்கு பக்கத்துல வீடு. ஆல்ட்டோ கதவு அடியில துரு பொரியுது. அடியில கறுப்பு கோட்டிங் அடிச்சா நிக்குமா? - வாசகி, தேவனாம்பட்டினம்

பதில்: துரு மேலயே அடிச்சா நிக்காதும்மா, உள்ள ஈரத்தை மூடி வெச்சு வேகமாத்தான் தின்னும். முதல்ல டிங்கர்கிட்ட சுரண்டச் சொல்லுங்க, இரும்பு வெள்ளையா தெரியணும், அதுக்கு மேல பிரைமர், அப்புறம்தான் கோட்டிங். ஓட்டை விழுந்த இடத்துல தகடு வெச்சு வெல்டு பண்ணணும், பட்டி போட்டு மறைச்சுத் தர்றேன்னு சொன்னா வேற ஆளைப் பாருங்க. கதவோட அடி ஓரத்துல சின்னச் சின்ன தண்ணி வடியற ஓட்டை இருக்கும், அது மண்ணால அடைச்சிருந்தா மழைத் தண்ணி கதவுக்குள்ளயே தேங்கும், பொரியறது பெரும்பாலும் அதனாலதான், ஒரு குச்சியால குத்திவிட்டாலே போதும். வாட்டர் வாஷ் விடறப்ப மேல பளபளன்னு இருக்கறதை விட அடிப்பக்கம், வீல் உள்பக்கம் நல்ல தண்ணி அடிக்கறாங்களான்னு நின்னு பாருங்க, உப்பு அங்கதான் ஒட்டும். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் மழையில வண்டி தண்ணியில நின்னிருந்தா கார்பெட்டை ஒரு தடவை முழுசா தூக்கிப் பார்த்துடுங்க, ஸ்டெப்னி வைக்கற குழியையும். இன்ஜின் போனா வேற இன்ஜின் வெச்சுக்கலாம், ஃப்ளோர் போச்சுன்னா எஃப்.சி.யில (தகுதிச் சோதனையில) நிக்காது.

கேள்வி: பி.ஒய். 01 (புதுச்சேரி) நம்பர் மாருதி ஜென், 20 வருஷம் தாண்டிடுச்சு, அடுத்த ஆர்.சி. ரினிவல் வருது. இப்ப கடலூருக்கே குடிவந்துட்டோம். என்ன பண்ணணும்? - வாசகர், முன்பு அரியாங்குப்பம்

பதில்: டெல்லி பக்கம் மாதிரி இங்க வயசை வெச்சு வண்டியை நிறுத்தறதில்ல, 15 வருஷத்துக்கு அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா ரினிவல் பண்ணிக்கலாம். முடியறதுக்கு 60 நாள் முன்னாடியிலிருந்தே படிவம் 25 குடுக்கலாம். ஆனா செலவு ஏறிடுச்சு, 20 வருஷம் தாண்டின காருக்கு 2025 ஆகஸ்ட்ல ரினிவல் கட்டணத்தை 10,000 ரூபா ஆக்கிட்டாங்க, 15லிருந்து 20க்குள்ள இருந்தா 5,000. வேற மாநிலத்துல 12 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா அங்க நம்பர் மாத்தணும்னு சட்டம், தமிழ்நாட்டு வரியும் கட்டணும். கடலூர் - பாண்டி பஸ்ல ஒரு மணி நேரம்தான், ஆனா ஆர்.டி.ஓ.வுக்கு அது வேற மாநிலம். நான் சொல்றது, எல்லா செலவையும் கூட்டி, ஜென்னோட இன்னிக்கு விலையையும் ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. வரியும் ரினிவலும் வண்டி விலையைத் தொடுதுன்னா பாசத்தை ஒதுக்கி வெச்சுட்டுத்தான் யோசிக்கணும்.

கேள்வி: கார்புரேட்டர் மாருதி 800. இப்ப வர்ற எத்தனால் பெட்ரோல் போடலாமா? - வாசகர், வில்லியனூர்

பதில்: பங்க்ல வேற என்ன இருக்கு, போட்டுத்தான் ஆகணும். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலை மனசுல வெச்சு செஞ்ச ரப்பர் இல்ல உங்க வண்டியில இருக்கறது, ஹோஸும் டயாஃப்ரமும் கேஸ்கெட்டும் சீக்கிரம் உப்பும், விரிசல் விடும். பெட்ரோல் ஹோஸ் முழுசையும் ஒரு தடவை புதுசா மாத்திடுங்க, எத்தனால் தாங்கற ஹோஸான்னு கேட்டு வாங்குங்க, ஃபில்டரையும் சேர்த்து. மாசக்கணக்கா வண்டியை எடுக்காம இருந்தா டேங்க்ல அரைகுறையா பெட்ரோலை விட்டு வைக்காதீங்க, எத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். பானெட்டைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை அடிச்சா ஸ்டார்ட் பண்ணாம மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்க.