ஆன்லைன் கேமில் கில்டு, அதாவது சேர்ந்து ஆடுகிறவர்களின் குழு, நடத்துகிறேன். ஆட்கள் சேர்கிறார்கள், ஒரு மாதம்கூட நிற்பதில்லை. விசுவாசமான உறுப்பினர்களைப் பிடிப்பதும் தக்க வைப்பதும் எப்படி?

எந்த கேம் என்று நீங்கள் எழுதவில்லை. பரவாயில்லை, நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். பொது சாட்டில் "எல்லோரும் வாங்க, லெவல் பிரச்சினை இல்லை, ஜாலியான கில்டு" என்று நாள் முழுக்கப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். கில்டு இல்லாமல் சுற்றுகிற யார் கண்ணில் பட்டாலும் ஒரு வார்த்தை பேசாமல் இன்வைட் தட்டுகிறீர்கள். உறுப்பினர் பட்டியல் நீளமாக இருக்கிறது, அதில் முக்கால்வாசிப் பெயர் சாம்பல் நிறத்தில் ஆஃப்லைன். ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிக்கிற வேலை இது. தப்பாக ஊகித்திருந்தால் விட்டுவிடுங்கள். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கிற பத்தில் ஒன்பது பேர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

எனக்கு இதில் சொல்ல நிறைய இருக்கிறது, அதில் பாதி ஆற்றாமை. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்கில் ஒரு கில்டின் ரெய்டுப் பொறுப்பை, அதாவது பெரிய கூட்டமாகப் போய் பாஸ் என்கிற முரட்டு எதிரிகளை வீழ்த்துகிற வேலையை, வைத்திருந்தவன் நான். 2004-இல் வந்த கேமின் பழைய வடிவத்தையே 2019 ஆகஸ்டில் திரும்ப வெளியிட்டார்களே, அது. அதில் மோல்டன் கோர் மாதிரி ரெய்டுக்கு 40 பேர் வரை போகலாம். அத்தனை பேரைத் திரட்டுவதற்குள் மூச்சு முட்டிவிடும் என்பதால் எல்லோருக்கும் இடம் இருந்தது. சுமாராக ஆடுகிறவர், பாதி ரெய்டில் குழந்தை அழுகிறது என்று எழுந்து போகிறவர், ஹெட்செட்டோடு தூங்கிப்போய் எல்லோருக்கும் குறட்டை கேட்கவிடுகிறவர், யாரையும் விட மாட்டோம். ஆளைத் தக்க வைப்பது என்று ஒரு பிரச்சினை இருப்பதே அப்போது தெரியவில்லை.

2021 ஜூனில் அந்த கேமின் அடுத்த விரிவாக்கமான பர்னிங் குருசேடு வந்தது. பெரிய ரெய்டு இனி 25 பேர். கராஸான் என்கிற ரெய்டுக்கு வெறும் 10 பேர். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 40 பேர் இருந்த இடத்தில் 25 பேர் என்றால் 15 பேர் வெளியே. அந்த 25 பேரையும் பத்துப் பத்தாகப் பிரித்தால் 5 பேர் மிச்சம். அந்த மிச்சத்தில் யார் என்பதுதான் வாராவாரம் சண்டை. 2007-இல் முதல் முறை இது வந்தபோதும் இதே கணக்கில்தான் நிறைய கில்டுகள் உடைந்தன.

முதலில் அன்றன்று ஆன்லைனில் இருப்பவர்களை வைத்து ஒப்பேற்றினோம். அப்புறம் கில்டை நடத்த உதவுகிற எங்கள் ஆஃபீசர் ஒருவர், வார்லாக் என்கிற மந்திரவாதிக் கேரக்டரை ஆடுகிறவர், ஒரு எக்செல் ஷீட்டோடு வந்தார். நல்ல ஆட்டக்காரர், அதில் சந்தேகமே இல்லை. டேமேஜ் பட்டியலில், அதாவது எதிரியை யார் எவ்வளவு அடித்தார் என்ற கணக்கில், அவர் பெயர் கீழே இறங்கி நான் பார்த்ததில்லை. அவர் திட்டம் எளிமையானது: டேமேஜிலும், கூட்டாளிகளைக் குணப்படுத்துகிற ஹீலிங்கிலும் மேலே இருக்கிற பத்து பேர் ஏ டீம், அடுத்த பத்து பேர் பி டீம். மிச்சம் ஐந்து பேர்? "யாராவது வராத அன்றைக்குப் பார்த்துக்கலாம்."

அந்த ஷீட்டின் அடியில் இருந்த பெயர்களைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. காரணம் சொல்கிறேன். மேக்தெரிடன் என்று ஒரு பாஸ். அவன் அறையைச் சுற்றி 5 கனசதுரங்கள் இருக்கும். அவன் பெரிய வெடிப்புக்குத் தயாராகும்போது ஐந்து பேர் ஐந்து கனசதுரத்தையும் ஒரே நேரத்தில் கிளிக் செய்து பிடித்தால்தான் அது நிற்கும். ஒருவர் கொஞ்சம் பிந்தினாலும் ரெய்டு மொத்தமும் சுருண்டு விழ வேண்டியதுதான். பிடித்த கையோடு அதே ஆள் மறுபடி பிடிக்க முடியாது என்பதால் நாங்கள் இரண்டு செட் ஆள் வைத்திருந்தோம். கனசதுரத்தைப் பிடித்திருக்கும்போது அடிக்க முடியாது. அதற்கு முன்னும் பின்னும் அதை விட்டுத் தள்ளிப் போகவும் முடியாது. கவனம் சிதறாதவர், வாராவாரம் தவறாமல் வருகிறவர், சொன்னால் கேட்கிறவர், இப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த வேலையைக் கொடுப்போம். அவர்கள் பெயர்தான் டேமேஜ் பட்டியலின் அடியில் கிடந்தது. வார்லாக் ஆஃபீசருக்குக் கனசதுரம் கொடுத்ததே இல்லை, "என் டேமேஜ் போயிடும்" என்பார்.

சரி, உங்கள் கேள்விக்கு என் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. உங்கள் கில்டில் விசுவாசமான ஆட்கள் ஏற்கனவே இருக்கிறார்கள். நீங்கள் வைத்திருக்கிற அளவுகோலில் அவர்கள் தெரிவதில்லை, அவ்வளவுதான். புது ஆள் தேடுவதற்கு முன்னால் கனசதுரம் பிடிக்கிறவர் யார், இடம் இல்லாமல் வெளியே உட்காருகிறவர் யார் என்று பாருங்கள். கில்டு கலைய ஆரம்பிப்பது அங்கிருந்துதான்.

நான் அந்த ஷீட்டை ஏற்கவில்லை. அனுபவசாலிகளை இரண்டு அணிக்கும் கலந்து போட்டேன். ஒவ்வொரு அணிக்கும் முன்னால் நின்று அடி வாங்குகிற கெட்டியான டேங்க் ஒருவர், பதறாத ஒரு ஹீலர், சுவர் ஏறிக் குதிக்காமல் சொன்ன இடத்தில் நிற்கிற சிலர். மிச்சம் ஐந்து பேருக்கு மூன்றாவது அணி. மீதி இடத்துக்கு ஆஃபீசர்கள் தங்கள் இரண்டாவது கேரக்டரை, ஆல்ட் என்போமே, அதைக் கொண்டுவர வேண்டும் என்று சொன்னேன். ஒரு கேரக்டரால் வாரத்துக்கு ஒரு முறைதான் கராஸான் லூட், அதாவது பாஸ் விழுந்தால் கிடைக்கிற பொருள், எடுக்க முடியும், ஆனால் ஆல்ட்டுக்குத் தனிக் கணக்கு. அதனால் இது நடக்கக்கூடிய ஏற்பாடுதான். ஆஃபீசருக்கு ஒரு ராத்திரி போகும், அவ்வளவே. வார்லாக் ஆஃபீசர் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் எதுக்கு மத்தவங்களை இழுத்துட்டுப் போகணும்?" என்று வாய்ஸ் சாட்டில் எல்லோரும் கேட்கவே சொன்னார். அந்த ஐந்து பேரில் மூன்று பேர் அப்போது சேனலில் இருந்தார்கள். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. மைக்கை அணைக்கிற டொக் டொக் சத்தம் மட்டும் வரிசையாகக் கேட்டது.

அடுத்த வாரம் மஞ்சள் எழுத்தில் அவர் கில்டை விட்டு விலகியதாக ஒரு வரி வந்தது, அதன் கீழே இன்னும் சில வரிகள். ஏ டீமுக்கு வேண்டியவர்களைக் கையோடு அழைத்துப் போய்விட்டார்.

இதைப் படித்துவிட்டு "மெதுவாக ஆடுகிற கேஷுவல் கில்டுக்காரனின் சாக்கு" என்று யாராவது சொல்வார்கள், எனக்குத் தெரியும். சர்வரிலேயே முதலில் பாஸை வீழ்த்த வேண்டும் என்று ஓடுகிற கில்டுகள் வேறு வகை. அங்கே வருகிறவர் எல்லாம் தெரிந்தே வருகிறார், இடம் போனால் போய்விடுகிறார், யாருக்கும் வருத்தமில்லை. அவர்களுக்கு நான் உபதேசம் செய்யவில்லை. கேட்டவர் "விசுவாசம்" என்று கேட்டிருக்கிறார், வேகம் என்று கேட்கவில்லை.

மூன்றாவது அணி முதலில் தடுமாறியது. கராஸானின் கடைசி பாஸ் பிரின்ஸ் மால்கெஸார். அவன் மேலிருந்து நெருப்புப் பாறை அரக்கர்களை எங்கு வேண்டுமானாலும் இறக்குவான். ஹீலர் நிற்கிற மூலையில் ஒன்று விழுந்தால் அந்த முயற்சி அதோடு சரி. நடுநடுவே ஐந்து பேரின் உயிர்ப் புள்ளியை 1-க்கு இறக்கிவிடுவான், அந்த ஐந்து பேரும் உடனே விலகி ஓட வேண்டும். ஓடாவிட்டால் அடுத்த அலையில் போய்விடுவார்கள். எங்கள் அணியில் அதுவரை வாய்ஸ் சாட்டில் பேசியே கேட்டிராத, பிரீஸ்ட் என்கிற கேரக்டரை ஆடுகிற ஒருவர் இருந்தார், கனசதுரம் பிடிக்கிறவர்தான். அன்று திடீரென்று அவரே "அஞ்சு நொடி… மூணு… இப்ப ஓடுங்க" என்று எண்ணிச் சொல்ல ஆரம்பித்தார். யாரும் அவரிடம் கேட்கவில்லை. பிரின்ஸ் விழுந்ததும் அவர் மறுபடி மௌனம். அவர் இப்போது ஆஃபீசர்.

வெளியே உட்கார வைப்பதைத் தவிர்க்கவே முடியாது. ஆனால் அதைச் செய்கிற விதம் ஒன்று உண்டு. ரெய்டு வாசலில் மருந்து, உணவு எல்லாம் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறவரிடம் அந்த நிமிடத்தில் "இன்னிக்கு நீங்க வேண்டாம்" என்று சொல்லக் கூடாது. முதல் நாளே பெயர்ப் பட்டியலைப் போட்டுவிட வேண்டும், இந்த வாரம் உட்கார்ந்தவருக்கு அடுத்த வாரம் உறுதியான இடம் என்று அதிலேயே எழுதிவிட வேண்டும். அந்த வரிசையில் ஆஃபீசர் பெயரும் வர வேண்டும். கடைசியாகச் சொன்னதைத்தான் எந்த கில்டும் செய்வதில்லை.

லூட் பற்றிக் கேட்டால் ஆளாளுக்கு ஒரு முறை சொல்வார்கள். டிகேபி என்கிற புள்ளிக் கணக்கு எவர்குவெஸ்ட் காலத்திலிருந்து வருகிறது, அந்த கேம் வந்தது 1999-இல். ரெய்டுக்கு வந்தால் புள்ளி, பொருள் எடுத்தால் கழிவு. நியாயமானதுதான். ஆனால் பழைய ஆட்கள் புள்ளியை மூட்டை கட்டி வைத்திருப்பார்கள், புதிதாக வந்தவருக்கு மாதக்கணக்கில் ஒன்றும் கிடைக்காது. அவர் போய்விட்டால் "விசுவாசமில்லாதவர்" என்பார்கள். லூட் கவுன்சில், அதாவது ஆஃபீசர்கள் கூடி முடிவெடுப்பது, வேகமானது. ஆனால் நல்ல பொருள் இரண்டு முறை ஆஃபீசரின் நண்பருக்கே போனால் அதற்கப்புறம் அந்த முறையை யாரும் நம்ப மாட்டார்கள். எந்த முறையானாலும் சரி, பாஸ் விழுவதற்கு முன்னால் விதி எழுத்தில் இருக்கட்டும். பொருள் கீழே கிடக்கும்போது யாராலும் நியாயமாக யோசிக்க முடியாது.

மொபைல் கேமிலும் இதே கதைதான். கிளாஷ் ஆஃப் கிளான்ஸில், அங்கே கில்டுக்குக் கிளான் என்று பெயர், கிளான் வார் லீக் என்கிற போட்டி முடிந்ததும் கூடுதல் மெடல் யார் யாருக்கு என்று லீடர் தேர்ந்தெடுக்கிறார், அதுவும் குறிப்பிட்ட எண்ணிக்கைதான். வாரம் முழுக்க ஒரு தாக்குதல்கூட விடாமல் ஆடியவரை விட்டுவிட்டுத் தம்பிக்குக் கொடுக்கிற லீடர், அடுத்த மாதம் ஆள் பற்றவில்லை என்று புலம்புவதை நானே பார்த்திருக்கிறேன்.

பரிசைக் காட்டி ஆளைப் பிடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்டே அதைச் செய்து பார்த்தது. 2010-இல் கேட்டகிளிசம் என்கிற விரிவாக்கம் வந்தபோது கில்டுக்கே லெவல் கொடுத்தார்கள், 25 வரைக்கும். லெவல் ஏற ஏற உறுப்பினர்களுக்குச் சலுகை. உறுப்பினர் எடுக்கிற தங்கத்தோடு கில்டு வங்கிக்கும் ஒரு பங்கு சேர்கிற மாதிரி ஒரு சலுகையும் இருந்தது. விளைவு என்ன? யாரையும் தெரியாமல் இன்வைட் தட்டித் தட்டி ஆள் குவிக்கிற பெரிய கில்டுகள். உள்ளே இருப்பவருக்குப் பக்கத்துப் பெயர் யாரென்றே தெரியாது. 2014-இல் அந்த லெவல் முறையையே எடுத்துவிட்டார்கள்.

நம்புகிறேன் என்று எல்லா அதிகாரத்தையும் ஒருவரிடம் கொடுப்பதும் வேண்டாம். ஈவ் ஆன்லைன் என்கிற விண்வெளி கேமில் 2009 பிப்ரவரியில் பேண்ட் ஆஃப் பிரதர்ஸ் என்ற மாபெரும் கூட்டணியை அதன் உள்ளேயே பொறுப்பில் இருந்த ஒருவர் எதிரணியான கூன்ஸ்வார்ம் பக்கம் சாய்ந்து கலைத்துவிட்டார். அதைக் கலைக்கப் போரோ முற்றுகையோ தேவைப்படவில்லை, அவருக்கு இருந்த அனுமதியே போதுமானதாக இருந்தது. எங்கள் வார்லாக் ஆஃபீசர் போகும்போது கில்டு வங்கியில் மருந்துப் பொருட்கள் இருந்த பகுதியைத் துடைத்துவிட்டுத்தான் போனார். வங்கியிலிருந்து ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று ஒவ்வொரு ரேங்குக்கும் வரம்பு வைக்கிற வசதி கேமிலேயே இருக்கிறது. அன்றிரவே வைத்தோம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதற்கெல்லாம் முன்னால் ஒரு மொபைல் கேமில் சின்ன கில்டு ஒன்றில் இருந்தேன். அருமையான ஆட்கள், ஒருவரும் விலகவில்லை. கம்பெனிதான் விலகியது. சர்வரை மூடுகிறோம், ஆதரவுக்கு நன்றி என்று ஒரு அறிவிப்பு, கூடவே வாங்கி வைத்த ஜெம்களைச் சீக்கிரம் செலவழித்துவிடுங்கள் என்று அறிவுரை. எதில் செலவழிப்பது? மூடப்போகிற கடையிலா? சாட்டில் இருந்த பேச்சு, கிண்டல், ஒருவர் வேலை கிடைத்ததை முதலில் எங்களிடம் வந்து சொன்னது, எல்லாம் போயிற்று. எடுத்து வைத்துக்கொள்ள ஒரு பட்டன் கொடுத்திருக்கலாம். அந்த ஆட்களில் பலர் இப்போது எங்கே என்றே தெரியாது. நீங்களாவது கேமுக்கு வெளியே டிஸ்கார்டிலோ வேறு ஏதோ ஒரு சாட் செயலியிலோ ஆட்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் சேர்ப்பதற்கு வருகிறேன். பொது சாட் விளம்பரத்தால் எங்களுக்கு வந்து நிலைத்தவர்கள் ரொம்பக் குறைவு. டஞ்சன் என்கிற, ஐந்து பேர் போகிற சின்ன ரெய்டு மாதிரியான இடத்துக்குத் தெரியாதவரோடு போவோம் இல்லையா, அங்கே கிடைத்தவர்கள்தான் இன்றும் இருக்கிறார்கள். நான் பார்ப்பது ஒன்றுதான். எல்லோரும் செத்து வைப் ஆனதும் யார் மேல் தப்பு என்று டைப் செய்யாமல், செத்தவர் போய்ச் சேருகிற கல்லறையிலிருந்து திரும்ப ஓடி வருகிறாரா? வந்தால் டஞ்சன் முடிந்ததும் பேசுவேன். எந்தக் கிழமை, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ரெய்டு, லூட் எப்படிப் பிரிக்கிறோம், எத்தனை வாரத்துக்கு ஒரு முறை வெளியே உட்கார வேண்டியிருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். கடைசியாகச் சொல்வதைக் கேட்டுச் சிலர் அங்கேயே போய்விடுவார்கள், அதுவும் நல்லதுதான். சேர்ந்தவரைத் தனியாக விட மாட்டேன். அவர் ஆன்லைன் வருகிற நேரத்திலேயே ஆடுகிற பழைய ஆள் ஒருவரோடு முதல் வாரமே ஏதாவது ஒரு டஞ்சனுக்கு அனுப்பிவிடுவேன். பெயர் தெரிந்த ஒருவராவது உள்ளே இருந்தால் இரண்டாவது மாதம் வருவார்.