அலதி – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இன்றைய துருக்கியில் உள்ள பழைய ஹிட்டைட் தலைநகரம் ஹட்டுசா. அங்கே கிடைத்த, லூவியம் என்ற பண்டை மொழிப் பாடல் வரி ஒன்றில் ‘அலதி’ என்ற சொல் விலுசா என்ற ஊர்ப்பெயரோடு வருகிறதாம். விலுசாவை ட்ராய் என்று கருதுகிறார்கள். ‘செங்குத்தான ட்ராய்’ என்கிறார்கள். ‘அலதி’ நம் ‘அலை’தானே? ‘கடலிலிருந்து’ என்று கொள்ளலாமா? ட்ராய்ப் போரைப் பாடும் ‘இலியட்’ காவியம் கிரேக்கக் கவி ஹோமருக்கு முன்பே லூவியத்தில் இருந்ததா?

கே.

அன்புள்ள கே.,

‘கடலிலிருந்து’ என்று பொருள் கொண்ட அறிஞர்கள் உண்டு. அவர்கள் ‘அலை’யைப் பிடித்துக்கொண்டு அங்கே போகவில்லை. ஓசை ஒத்தால் உறவு என்று கிளம்பும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். வரியை முதலில் பிரியுங்கள்:

அஹ்ஹ-த-த அலதி அவியெந்த விலுசதி.

‘அஹ்ஹ’ என்றால் ‘போது’. ஒட்டிவரும் இரண்டு ‘த’வும் ஒட்டுச்சொற்கள். ‘அவியெந்த’, ‘வந்தார்கள்’. ‘-அதி’ நம் ‘இலிருந்து’ போன்ற வேற்றுமை உருபு, ‘விலுசதி’, விலுசாவிலிருந்து. ‘அலதி’யிலும் அதே உருபுதான். அதைக் கழித்தால் உங்கள் அலைக்கு மிஞ்சுவது ‘அல்’ மட்டும். லூவியத்தில் பெயரடையும் உருபு ஏற்கும். எனவே இது விலுசாவுக்கு அடைமொழியாகலாம், தனிப் பெயர்ச்சொல்லும் ஆகலாம். இலக்கணம் இதற்குமேல் உதவாது.

அடுத்து, சொல் வேறெங்கே வருகிறது? அதே களிமண் பலகையில், சற்றுக் கீழே: ‘அலதி... மனிதன் வந்தபோது’. நமக்கு வேண்டிய இடத்திலேயே பலகை உடைந்திருக்கிறது! கிடைத்தவரை, ‘செங்குத்தான’, ‘கடலிலிருந்து’ என்ற இரண்டு பொருளும் அங்கே பொருந்துகின்றன.

‘செங்குத்தான’ எங்கிருந்து வந்தது? 1986இல் வெளியான கட்டுரையில் மொழியியல் அறிஞர் கால்வர்ட் வாட்கின்ஸ் சொன்னது. ஹோமர் ட்ராயை ‘இலியோஸ் ஐபெய்னே’, செங்குத்தான இலியோஸ், என்பார்; இலியோஸ் ட்ராயின் இன்னொரு பெயர். அந்த அடைமொழிதான் வாட்கின்ஸுக்குப் பெரிய தூண்டுகோல். கூர்மையான ஊகம்; நான் மதிக்கிறேன். ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். ஹோமரை வைத்து லூவியச் சொல்லுக்குப் பொருள் சொன்னார்கள். அந்தப் பொருளையே காட்டி ஹோமரின் அடைமொழி லூவியத்திலும் இருந்தது என்றார்கள். முடிவே ஆதாரமாகிவிட்டது. ஹோமர் அதே ஊரைக் ‘காற்று வீசும்’ என்றும் ‘புனித’ என்றும் சொல்கிறார். அவற்றை ஏன் வைத்துப் பார்க்கக் கூடாது? ஹோமரை மறைத்துவிட்டு, லூவியச் சான்றுகளால் மட்டும் ‘செங்குத்து’ நிற்கிறதா என்று சோதிக்க வேண்டும். நின்றால் மட்டுமே அது ஹோமருக்குச் சாட்சி.

1915இல் ஹிட்டைட் மொழியின் புதிரை அவிழ்த்த அறிஞர் ஹ்ரோஸ்னி சரியாகச் செய்தார். ‘நிந்தா’ என்ற சுமேரியக் குறி ரொட்டியைக் குறிப்பது முன்பே தெரியும். அதனால் அடுத்த வினை ‘உண்’ ஆகலாம். அப்படியானால் தொடரும் ‘வாதர்’ தண்ணீராகலாம். ஆங்கில ‘வாட்டர்’ உடனான ஓசை ஒற்றுமை இத்தனைக்கும் பிறகுதான் எடை பெறுகிறது.

லூவிய இலியட்? இஸ்தனுவா ஊரின் வழிபாட்டுச் சடங்கில் பாடிய ஒரு வரி இது. வாட்கின்ஸே அப்படியொரு காவியத்தை ஊகித்தார். ஒரு வரியை வைத்து நான் அவ்வளவு தூரம் வரமாட்டேன்.

‘அலை’யை ஒதுக்கிவிட்டு, லூவியத்தில் ‘அல்’ என்று தொடங்கும் சொற்களை வரும் இடத்தோடு பட்டியலிட்டு அனுப்புங்கள். சேர்ந்து பார்ப்போம்.