பேரேடு முகப்பில், பேரன் வாசலிலா?

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். கணவரின் ஐயா பர்மாவில், பெகுவில் வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார். அங்கே ஒரு பர்மியப் பெண்ணோடு குடும்பம், ஒரு பிள்ளை. அந்த அம்மாவின் பேரன் இப்போது சிகிச்சைக்காகச் சென்னை வந்திருக்கிறார். முன்னோருக்குப் படையல் போடும் படைப்பு அன்றைக்கு வீட்டைப் பார்க்க ஆசைப்படுகிறார். பங்காளிகள் முகம் சுளிக்கிறார்கள். "பர்மாக்காரர்கள் நம்மை விரட்டியவர்கள்தானே? இவரை எந்த முறையில் சேர்ப்பது?"

பதில்:

ஆச்சி, கடிதத்தின் நடுவில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்ததும் ஐயா அரக்கான் வழியாக நடந்தே ஊர் சேர்ந்தார். சண்டை ஓய்ந்து திரும்பிப் போனபோது அந்த அம்மா கடைப் பேரேட்டைப் பத்திரமாக எடுத்துக் கொடுத்தார். இன்று அது உங்கள் முகப்பில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. வீடு பார்க்க வருகிறவர்கள் படம் பிடித்துப் போகிறார்கள்.

அதில் என்ன எழுதியிருக்கும்? அந்த அம்மாவின் ஊர்க்காரர்கள் பட்ட கடன். கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. நெல் விலை விழுந்து, கடன் அடைபடாமல், 1938-இல் அது 25 ஆனது. வட்டிக் கணக்கு சரியாகவே இருந்திருக்கும். ஆனால் வயலை இழந்தவனுக்கு ஆத்திரம் வராதா? அந்த ஏட்டை அந்த அம்மா அடுப்பில் போட்டிருந்தால் ஊரே அவரைக் கும்பிட்டிருக்கும். ஜப்பான்காரன் ஆட்சியில், பிள்ளையை வைத்துக்கொண்டு, அதைக் காப்பாற்றினார். யாருக்காக? விட்டுவிட்டு நடந்தவருக்காக. (உங்கள் ஐயாவை நான் மெச்ச மாட்டேன். குடும்பம் வைத்தவன் குண்டு விழும்போது கூட இருக்க வேண்டும்.)

சொத்துக் கேட்பாரோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கிறது, எழுதவில்லை, தெரிகிறது. கேட்டால் வக்கீல் பார்த்துக்கொள்வார். கேட்காத மனிதரை இப்போதே சந்தேகப்படாதீர்கள்.

கோயில் புள்ளியை, அதாவது குலக் கோயில் கணக்கில் அவரைச் சேர்ப்பதைப் பற்றி நான் பேசவில்லை. அது பங்காளிகள் கூடிப் பேச வேண்டியது. பந்தியில் ஓர் இலை போட யாருடைய அனுமதி வேண்டும்? ஐயாவுக்குப் படைத்துவிட்டு, அவர் பேரனை வாசலில் நிறுத்த உங்களுக்குக் கூசவில்லையா?

முந்தின நாளே வரச் சொல்லுங்கள். காரைக்குடி ஸ்டேஷனுக்கு டிரைவரை அனுப்ப வேண்டாம், உங்கள் மகனே போகட்டும். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து பேரேட்டை அவர் கையில் கொடுங்கள். அப்புறமும் முகம் சுளிக்கிற பங்காளி இருந்தால், அந்த ஏடு இல்லாமல் ஐயா பெகுவில் யாரிடம் எதைச் சொல்லி வசூலித்திருப்பார் என்று கேளுங்கள்.