மவுன்டன் பைக்கை நானே அசெம்பிள் செய்ய ஆசை, இஎம்ஐ போடலாமா?

கேள்வி: எனக்கு வயது 27, கோவையில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 55,000 ரூபாய். வீட்டுக்கு 20,000, கல்விக் கடன் தவணைக்கு 9,500 போய்விடும். எஃப்.டி.யில் 80,000 ரூபாய் இருக்கிறது. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, முதன்முறையாக நானே ஒரு மவுன்டன் பைக்கை (கரடுமுரடான பாதையில் ஓட்டும் சைக்கிள்) அசெம்பிள் செய்ய ஆசை. என் கணக்குப்படி 1.20 லட்சம் ஆகும். மாதம் 12,000 ஒதுக்க முடியும். எஃப்.டி.யை உடைக்கலாமா, நோ-காஸ்ட் இஎம்ஐ போடலாமா, இல்லை மாதம் ஒரு பாகமாக வாங்கிச் சேர்க்கலாமா?

பதில்: மூன்றுமே வேண்டாம். மாதாமாதம் பணத்தைச் சேருங்கள். பாகங்களைக் கடைசியில் ஒரே மூச்சில் வாங்குங்கள்.

எஃப்.டி. விஷயம் எளிது. வீடு, தவணை இரண்டுக்குமே மாதம் 29,500 ரூபாய் தேவை. வேலை போனால் மூன்று மாதம் தாங்க 88,500 வேண்டும். உங்களிடம் அதுகூட இல்லை. எஃப்.டி.யைத் தொடாதீர்கள். நோ-காஸ்ட் இஎம்ஐயில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள். ஆனால் அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டியும், பெரும்பாலும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில்தான். ஏற்கெனவே ஒரு தவணை ஓடும்போது இன்னொன்று எதற்கு?

மாதம் ஒரு பாகம் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பணம் அதிகம் வீணாவது அதில்தான். ஜனவரியில் ஃபிரேம் வாங்குகிறீர்கள். பின் சக்கரம் உட்காரும் இடைவெளி 148 மி.மீ., 'பூஸ்ட்' என்கிற அளவு. ஏப்ரலில் தள்ளுபடியில் ஒரு வீல்செட் கிடைக்கிறது. அதன் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) 142 மி.மீ. ஆறு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், ஆனால் பொருந்தாது. கியரிலும் இதே கதை: ஷிமானோ கம்பெனியின் டியோர் வரிசையிலேயே 11 ஸ்பீடு கேசட் (பின் சக்கரப் பல்சக்கரத் தொகுதி) பழைய ஹெச்ஜி வகை ஃப்ரீஹப்பில் (கேசட் மாட்டும் ஹப் பகுதி) ஏறும், 12 ஸ்பீடுக்கு மைக்ரோ ஸ்ப்லைன் வகை வேண்டும். இதெல்லாம் மாட்டிப் பார்க்கும்போதுதான் தெரியவரும். அதற்குள் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிந்திருக்கும், வாரன்டியும் பாதி கரைந்திருக்கும். எல்லாவற்றையும் இரண்டு மூன்று வாரத்துக்குள் வாங்கினால் தவறானதை மாற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், உங்கள் 1.20 லட்சம் போதாது. முதல் தடவை செய்கிறவர்கள் பட்டியலில் ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்), கேபிள், சீலன்ட் (டயர் ஓட்டையை அடைக்கும் திரவம்), டூல்ஸ் எல்லாம் விட்டுப்போகும். 15% கூடுதலாக வைத்து 1.38 லட்சம் என்று கொள்ளுங்கள். மாதம் 12,000 ஆர்.டி. (மாதாந்திரத் தொடர் வைப்பு) போட்டால் 12 மாதத்தில் அசலே 1.44 லட்சம். ஆலன் கீ செட், டார்க் ரெஞ்ச் (சரியான அளவுக்கு மட்டும் இறுக்கும் ஸ்பேனர்), செயின் கட்டர் ஆகியவற்றைச் சொந்தமாக வாங்குங்கள், காலத்துக்கும் உதவும். ஹெட்செட் கப்பை அழுத்திப் பொருத்துவதையும் ஃபோர்க்கின் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) மேலே நீளும் ஸ்டீரர் குழாயை வெட்டுவதையும் கடையில் கூலி கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டிவிட்டால் அந்த ஃபோர்க்கை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அதே தரத்தில் முழு பைக்காக வாங்கினால் பெரும்பாலும் விலை குறைவுதான். கம்பெனிகள் பாகங்களை மொத்தமாக வாங்குவதால் அந்த விலை உங்களுக்குக் கிடைக்காது. விற்கும்போதும் சொந்த அசெம்பிளிக்கு மதிப்பு குறைவு. மிச்சம் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் முழு பைக் வாங்குங்கள். கையால் செய்து பார்க்கும் ஆசை என்றால், கடன் வாங்காமல் அதற்குச் செலவழிப்பதில் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. இந்த வயதில் செய்யாமல் எப்போது செய்வது?

2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 12%லிருந்து 5% ஆகியிருக்கிறது. உங்கள் விலைப்பட்டியல் அதற்கு முந்தையது என்றால் புதிதாக விசாரியுங்கள். வெளிநாட்டுத் தளத்தில் ஃபிரேம் மலிவாகத் தெரிந்தால், அனுப்பும் செலவையும் சேர்த்த தொகைக்குத்தான் சுங்க வரி என்பதையும், கார்டில் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி என்பதையும் கூட்டிப் பாருங்கள்.

ஒவ்வொரு பாகத்துக்கும் வாரன்டி தனித்தனி. அதனால் எல்லா பில்லையும் போட்டோ எடுத்து, ஃபிரேம் நம்பரோடு ஒரே இடத்தில் வையுங்கள்.