கதவிலை இருக்கிற பேரைப் பாக்காதேங்கோ, தம்பி

ரொறன்ரோ ஸ்காபரோவிலை எடுத்த பேஸ்மென்ட்டிலை உடுப்புக் காயவைக்கிற இரண்டு பழைய ட்றையர் கிடக்கு, ஒண்டு கென்மோர், மற்றது இங்லிஸ், வீட்டுக்காரர் ஒண்டை எறியச் சொல்லுறார், எதை வைச்சிருக்கிறது எண்டு கேட்டிருக்கிறீங்கள். 80 டொலருக்கு ஒரு பழைய மேய்டாக் வருகுது எண்டும் எழுதியிருக்கிறீங்கள். கடைசியிலை கார் இன்சூரன்ஸ், வேலை பற்றியும் கேட்டிருக்கிறீங்கள். அது இரண்டுக்கும் இங்கை சந்திக்குச் சந்தி ஆலோசனை சொல்ல ஆள் இருக்கு, அவையளைக் கேளுங்கோ. ட்றையரைப் பற்றி மட்டும் நான் சொல்லுறன்.

நான் 1989 தை மாதம் வந்திறங்கினனான். ஏழு பெடியள், ஒரு பேஸ்மென்ட். வீட்டுக்காரர் எங்கடை ஊர் ஆள்தான். அதுக்காக ஒரு சதம் குறைக்கேல்லை. ட்றையர் பாவிச்சால் தடவைக்கு இவ்வளவு எண்டு கொப்பியிலை எழுதி வைச்சு வாங்கின மனிசன். காசை மிச்சம் பிடிப்பம் எண்டு ஒருநாள் என்ரை ஜீன்ஸைப் பின் வளவுக் கொடியிலை காயப்போட்டன். நல்ல வெயில். வெயில் எண்டால் காயும்தானே, அது யாழ்ப்பாணத்து மூளை. பின்னேரம் போய்ப் பாத்தால் பலகை மாதிரி விறைச்சுப்போய் நிக்குது. கொண்டு வந்து சுவரிலை சாத்தி வைச்சுப்போட்டு எல்லாரும் சுத்தி நிண்டு சிரிச்சம். எட்டாவது ஆள் வந்திட்டார் எண்டு ஒருத்தன் தேத்தண்ணி வேறை ஊத்தி வைச்சவன்.

சரி, விசயத்துக்கு வாறன். கென்மோர் எண்டு ஒரு தொழிற்சாலை எந்தக் காலத்திலையும் இருந்ததில்லை. அது சியர்ஸ் கடையின்ரை பேர். வேறை கொம்பனியள் செய்து குடுக்க, சியர்ஸ் தன்ரை பேரை ஒட்டி வித்தது. ஆர் செய்தது எண்டு அறிய வேணுமெண்டால் கதவைத் திறந்து சட்டத்திலை இருக்கிற தகட்டைப் பாருங்கோ. மொடல் இலக்கத்திலை புள்ளிக்கு முன்னாலை 110 எண்டிருந்தால் வேர்ல்பூல் எண்ட அமெரிக்கக் கொம்பனி செய்தது. 417 எண்டால் பிரிஜிடேர் பக்கம், 363 எண்டால் ஜெனரல் எலெக்ட்ரிக்.

இங்லிஸ் அப்பிடியில்லை, அது ரொறன்ரோவின்ரை சொந்தப் பிள்ளை. ஸ்ட்ராகன் அவெனியூவிலை பெரிய தொழிற்சாலை வைச்சிருந்தவை. இரண்டாம் உலகப்போர் நேரம் அங்கை பிரென் எண்ட இயந்திரத் துவக்குச் செய்தவை, பிறகு உடுப்புத் தோய்க்கிற மெஷின். எண்பதுகளிலை வேர்ல்பூலின்ரை கைக்குள்ளை போயிட்டுது. நான் வந்த அதே வருசம் தொழிற்சாலையையும் பூட்டிப்போட்டினம். அந்த நாளிலை காடினர் ஹைவேயாலை போகேக்கை அவையின்ரை விளம்பரப் பலகை ஏதாவது ஒரு நல்வாசகம் சொல்லிக்கொண்டு நிக்கும். என்ரை இங்கிலிஷ் வாசிப்பிலை பாதி பஸ் யன்னலாலை அதைப் பாத்துப் படிச்சது.

அதாலை உங்கடை கென்மோரிலை 110 இருந்தால் பெரும்பாலும் இரண்டும் ஒரு தாயின்ரை பிள்ளையள். கண்ணாலையே பாக்கலாம்: மேல்தட்டிலை வலப்பக்கம் நீளமான பஞ்சுச் சல்லடையை மேலை இழுத்து உருவிற மாதிரி இருந்தால் அது வேர்ல்பூலின்ரை 29 அங்குல அகல உடம்பு. அதுக்கு, உடுப்புத் தொட்டியைச் சுத்தவைக்கிற பெல்ட்டின்ரை இலக்கம் 341241. பேர் இங்லிஸோ, கென்மோரோ, ரோப்பரோ, எஸ்டேட்டோ, அதே பெல்ட்தான். ஆனால் சல்லடை கதவு வாயிலை இருந்தால் உடனை வேறை சாதி எண்டு முடிவெடுக்காதேங்கோ. வேர்ல்பூலே 27 அங்குலத்திலை அப்பிடியும் செய்தது, அதுக்கு பெல்ட் 661570. நான் ஒருக்கா மாறி வாங்கி, மெஷினைக் கழட்டிப் போட்டபடி இரண்டு கிழமை இருந்தனான். மனிசி இப்பவும் சொல்லிக் காட்டுறவ.

மேய்டாக்கை 2006இலை வேர்ல்பூல் வாங்கினது. அதுக்கு முந்தின மேய்டாக் வேறை குடும்பம். நல்ல உழைப்பாளிதான், ஆனால் உங்கடை இரண்டிலையிருந்தும் ஒரு சாமானும் அதுக்குக் கொழுவேலாது.

எதை வைச்சிருக்கிறது? இரண்டையும் வெறுமனே ஓட விட்டுக் கேளுங்கோ. டொம் டொம் எண்டால் தொட்டியைத் தாங்கிற உருளை தேய்ஞ்சிட்டுது, கீச்சிட்டால் பெல்ட்டை இறுக்கிற கப்பி. சத்தம் குறைஞ்சதை வையுங்கோ. மற்றதை எறிய முதல் பெல்ட், உருளை, கப்பி, மோட்டர் எல்லாத்தையும் கழட்டி ஒரு பெட்டியிலை போட்டு வையுங்கோ. எங்கடை சனம் இதைச் செய்யாது. பெல்ட் அறுந்தவுடனை நல்ல மெஷினை ரோட்டிலை தள்ளிப்போட்டு, பாட்டுப் பாடுற புது மெஷினைத் தவணைக்கு எடுக்கும். ரோட்டிலை கிடந்ததுகளைத் தூக்கி வந்து திருத்தித்தான் நான் எங்கடை முதல் வீட்டை நிரப்பினனான்.

இனித்தான் முக்கியமான விசயம், நீங்கள் கேக்காதது. ட்றையருக்குப் பின்னாலை போய்ப் பாருங்கோ. ஈரச் சூட்டுக் காத்துப் போற குழாய் வெள்ளை பிளாஸ்ரிக்காய் இருந்தால் இண்டைக்கே கழட்டி எறியுங்கோ. 4 அங்குலத் தகரக் குழாய், நேராய், கட்டையாய், வெளியாலை போக வேணும். எங்கடை அந்த வீட்டுக்காரர் சூடு வீணாய்ப் போகுது எண்டு குழாயைக் கழட்டி, வாயிலை மனிசியின்ரை நைலோன் சொக்ஸைக் கட்டி விட்டவர். மாசி முடிய முதல் யன்னலெல்லாம் வேர்த்து, சுவரிலை கறுப்புப் பூஞ்சணம். இரண்டு பேருக்கு இருமல் சித்திரை வரைக்கும் விடேல்லை. காஸ் ட்றையரிலை இப்பிடிச் செய்தால் இருமலோடை நிக்காது, காபன் மொனொக்சைட் ஆளையே கொண்டுபோடும்.

மெஷின் திடீரெண்டு ஓடாமல் நிண்டால், சூடு கூடினால் கரண்டை வெட்டிற தெர்மல் ஃபியூஸ் போயிருக்கலாம். சில பேர் வயர்த்துண்டாலை அதைச் சுத்திக் குடுத்து ஓட விடுவினம், தங்களைக் கெட்டிக்காரர் எண்டு சொல்லியும் திரிவினம். பஞ்சு அடைச்சுச் சூடு கூடினதாலைதான் அது போனது. முதல் குழாயைத் துப்புரவாக்கிப்போட்டுப் புதுசைப் போடுங்கோ.

சல்லடையிலை தண்ணி ஊத்திப் பாருங்கோ. தண்ணி தேங்கி நிண்டால், வாசத்துக்குப் போடுற ட்றையர் ஷீட்டின்ரை மெழுகு சல்லடைக் கண்ணை அடைச்சிருக்கு. சவர்க்காரம் போட்டுப் பழைய பல்துலக்கியாலை தேயுங்கோ.

சுத்துது, சூடில்லை எண்டால் ஆரையும் கூப்பிட முதல் கரண்ட் பெட்டியைப் பாருங்கோ. மோட்டருக்கு 120 வோல்ட் போதும், சூட்டுக்கு 240 வேணும். பழைய வீடெண்டால் இரண்டு ஃபியூஸ் இருக்கும், ஒண்டு போனாலும் தொட்டி உருளலாம். எனக்கு இது தெரியாமல் திருத்திறவர் ஒருத்தர் வந்து, ஃபியூஸைத் திருகி மாத்திப்போட்டு 65 டொலர் வாங்கிக்கொண்டு போனவர். அப்ப அது எனக்குப் பன்னிரண்டு மணித்தியாலச் சம்பளம். அண்டைக்கு இரவே அந்த மெஷினின்ரை பின்பக்கத்தைக் கழட்டினனான்.

தகட்டைப் படமெடுத்துப் போடுங்கோ, இலக்கம் தெரியிற மாதிரி. மேய்டாக்குக்கு 80 கூட. 40 கேளுங்கோ.