ஒரே கச்சேரிக்கு நாலு பதிவு: எதைக் கேட்பது?

கேள்வி: கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் 1977 மே 8 கார்னெல் பல்கலைக்கழகக் கச்சேரியை எல்லோரும் புகழ்கிறார்கள். தேடினால் அதே கச்சேரிக்கு நாலைந்து பதிவுகள் கிடைக்கின்றன. ஒன்றில் குரல் தெளிவு, ஆனால் கூட்டமே இல்லை. இன்னொன்றில் ஒரே எதிரொலி. எதை வைத்து மதிப்பிடுவது? கோவைக்கு பஸ்ஸில் போகும்போது இயர்போனில்தான் கேட்பேன்.
– ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: பதிவோடு இருக்கும் குறிப்பை முதலில் படியுங்கள். 'சவுண்ட்போர்டு' என்றால் மேடை மைக்குகளின் ஒலியைக் கலக்கும் மிக்சரிலிருந்து நேராக எடுத்தது. 'ஆடியன்ஸ்' என்றால் ரசிகர் ஒருவர் கூட்டத்துக்குள் மைக் வைத்து எடுத்தது. இரண்டையும் கலந்தால் 'மேட்ரிக்ஸ்'.

உங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவில் கானமேளா என்ற மேடைப் பாட்டுக் கச்சேரி முடிந்ததும் மைக் செட்காரரிடம் பென் டிரைவில் பதிவு வாங்கிக் கேட்டிருக்கிறீர்களா? பாடகர் காதருகே நிற்பார், டிரம்ஸ் எங்கோ கிடக்கும். மேடையிலேயே சத்தமாக ஒலிக்கும் வாத்தியத்தை மிக்சரில் குறைத்துத்தான் வைப்பார்கள். சவுண்ட்போர்டு பதிவுகள் பலவும் சப்பென்று இருப்பதற்கு இதுதான் காரணம். வாசித்தவர்கள் மேல் பழி போடாதீர்கள்.

கார்னெல் இதற்கு விலக்கு. பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற ஒலிப்பதிவாளர் டேப்புக்கென்றே தனியாக மிக்ஸ் செய்து எடுத்தது அது. அவருடைய டேப்புகள் ஒரு கிடங்கில் கிடந்து 1986இல் ஏலத்துக்குப் போயின. அப்புறம் கேசட் கேசட்டாக ரசிகர்களிடையே பரவின. அதிகாரப்பூர்வ வெளியீடு வந்தது 2017இல்தான். அந்த இரவின் புகழில் பாதி டேப்பின் தரத்துக்குச் சேர வேண்டியது என்பது என் எண்ணம்.

ஒப்பிடும்போது முழுக் கச்சேரியையும் ஓட்ட வேண்டாம். இரண்டாம் பகுதியில் 'ஸ்கார்லெட் பெகோனியாஸ்' முடிந்து 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' தொடங்கும் இடம் போதும். எல்லாப் பதிவிலும் ஒலியளவைச் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். இதை மட்டும் விடாதீர்கள், சத்தம் கூடியதைத்தான் நம் காது நல்லது என்று சொல்லும். ஃபில் லெஷின் பேஸ் கிட்டாரில் ஒவ்வொரு ஸ்வரமும் பிரிந்து கேட்கிறதா, இரண்டு டிரம்மர்களையும் தனித்தனியே அடையாளம் காண முடிகிறதா என்று பாருங்கள். இரைச்சல் அதிகமென்றால் பல தடவை கேசட்டுக்குக் கேசட் மாறி வந்த பிரதி. சுருதி ஏறியிருந்தால், பிரதி எடுக்கையில் எங்கோ ஒரு டேப் டெக் தப்பான வேகத்தில் ஓடியிருக்கிறது. 2017 வெளியீட்டின் சுருதியோடு ஒத்துப்பாருங்கள்.

பஸ்ஸுக்கு 2017 வெளியீடுதான் சரி. எஞ்சின் சத்தத்துக்கு மேல் எதிரொலியும் சேர்ந்தால் ஒன்றும் தேறாது. இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையதளத்தில் இந்தக் குழுவின் சவுண்ட்போர்டு பதிவுகளைக் கேட்க மட்டுமே முடியும். ஆடியன்ஸ் பதிவுகளை இறக்கிக்கொள்ளலாம். வேலந்தாவளம் தாண்டுகையில் சிக்னல் அறுந்தால் இந்த வித்தியாசம் புரியும். வீட்டில் ஸ்பீக்கர் இருந்தால் மேட்ரிக்ஸ் போடுங்கள், கைதட்டலும் மண்டபமும் சேர்ந்து வரும்.

கார்னெல் உண்மையிலேயே அவ்வளவு உசத்தியா என்று பார்க்க வேண்டுமா? ஓர் இரவின் சவுண்ட்போர்டை இன்னோர் இரவின் ஆடியன்ஸ் பதிவோடு மோதவிடாதீர்கள். 2017இல் வந்த பாக்ஸ் செட்டில் மே 5, 7, 8, 9 ஆகிய நான்கு கச்சேரிகளும் இருக்கின்றன. கார்னெலுக்கு அடுத்த நாள், மே 9இல், பஃபலோவில் 'ஹெல்ப் ஆன் தி வே'யில் தொடங்கி 'ஃபிராங்க்ளின்ஸ் டவர்' வரை போகும் முதல் துண்டைக் கேளுங்கள். என் காதுக்கு அது கார்னெலின் தொடக்கத்தைவிட ஒரு படி மேல்.