அடிஸ் அபாபால முதல் வாரம்: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வேலைக்காக எத்தியோப்பியா தலைநகர்ல ரெண்டு வருஷம் இருந்தவன். புதுசா போறவங்க கேட்டதுக்கெல்லாம் இங்கயே பதில் போடறேன்.

கேள்வி: அண்ணா, ஊசி எதாவது போடணுமா? மலேரியா பயமா இருக்கு.

மலேரியா பயம் அடிஸ்ல வேணாம், ஊரு அவ்ளோ உயரம். ஆனா மஞ்சக் காய்ச்சல் ஊசிய மட்டும் விட்றாதீங்க. அந்த கார்டு இல்லாம ஊர் திரும்பினா இங்க ஏர்போர்ட்ல புடிச்சு 6 நாள் வரைக்கும் தனியா வெச்சிருவாங்க. சென்னைனா கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடறாங்க. போட்டு 10 நாள் கழிச்சுதான் கார்டு செல்லும், அதனால கடைசி நேரத்துக்கு வெக்காதீங்க.

கேள்வி: போய் இறங்கி ரெண்டு நாளா மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது, நார்மலா?

நார்மல்தான். நீங்க இப்ப ஊட்டிய விட உயரத்துல இருக்கீங்க, கிட்டத்தட்ட 2,350 மீட்டர். தண்ணி நிறைய குடிங்க, மெதுவா நடங்க. என்டோட்டோ மலைக்கு முதல் வாரமே கிளம்பாதீங்க, அது தொட்டபெட்டாவயே தாண்டும்.

கேள்வி: டைம் வேறனு சொல்றாங்களே, புரியல சார்.

இதத்தான் முதல்ல புரிஞ்சுக்கணும். அவங்களுக்கு பொழுது விடிஞ்சாதான் மணி ஆரம்பிக்கும், நம்ம பழைய நாழிகை கணக்கு மாதிரி. நம்ம காலைல 7 மணி அவங்களுக்கு 1 மணி. வந்த புதுசுல வீட்டுக்காரர் ஒருத்தர் 3 மணிக்கு வாங்க, வீடு காட்டறேன்னாரு, நான் மத்தியானம் 3க்கு போய் நிக்கறேன், பாவம் அந்த பெரியவர் காலைல 9 மணிக்கே வந்து ரொம்ப நேரம் காத்திருந்துட்டு போயிட்டாராம், இன்னைக்கு நினைச்சாலும் மனசு கஷ்டமா இருக்கும். யார் நேரம் சொன்னாலும் ஹபெஷா டைமா ஃபெரெஞ்ச் டைமானு கேட்டுருங்க, அவங்க ஊரு கணக்கா வெளிநாட்டுக் கணக்கானு அர்த்தம். வருஷமும் அப்படித்தான், நம்மளுக்கு 7, 8 வருஷம் பின்னாடி, 13 மாசம்.

கேள்வி: நான் சுத்த சைவம். பட்டினிதானா?

அய்யோ, சைவத்துக்கு இவ்ளோ நல்ல ஊர் கம்மிங்க! ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க புதன், வெள்ளி விரதம் இருப்பாங்க, கறி முட்டை மட்டுமில்ல, பால் நெய் கூட தொடமாட்டாங்க. ஈஸ்டருக்கு முன்னாடி 55 நாளும் அதே. ஹோட்டல்ல போய் "ஸோம் பெயாய்நெத்து"னு கேளுங்க, பெரிய இஞ்சேரா மேல மைசூர் பருப்பு, மஞ்சள் போட்ட பட்டாணிப் பருப்பு, கீரை, முட்டைகோஸ்னு சுத்தி சுத்தி வெச்சு தருவாங்க. இஞ்சேரா டெஃப்ங்கற தானியத்துல மாவு கரைச்சு புளிக்க வெச்சு ஊத்தறது, நம்ம ஆப்பத்த விட நல்லா புளிக்கும், மூணாவது நாள்லேர்ந்து நாக்கு தேடும். விரதம் இல்லாத நாள்ல ஷிரோங்கற கடலை மாவுக் குழம்புல வெண்ணெய் சேப்பாங்க, கேட்டுட்டு சாப்பிடுங்க. சில பேர் விரதத்துல மீன் சாப்பிடுவாங்க, அதையும் கேட்டுக்கோங்க. கூட உக்காந்தவங்க கையால உருட்டி உங்க வாய்ல ஊட்ட வந்தா மறுக்காதீங்க, அது குர்ஷா, பாசத்துல செய்றது.

கேள்வி: மினிபஸ்ல தனியா போலாமா ப்ரோ?

தாராளமா. நீலம் வெள்ளை வண்டி, வயாலா (நம்ம கண்டக்டர்) "போலே போலே பியாசா பியாசா"னு வண்டி போற ஏரியா பேர கத்துவாரு. இறங்கணும்னா "வராஜ் அலே"னு சொல்லுங்க, போதும். பர்ஸ், போன் முன் பாக்கெட்ல, மெர்காட்டோ மார்க்கெட்ல ரொம்பவே.

கேள்வி: பேசறப்ப எதிர்ல இருக்கறவங்க திடீர்னு மூச்ச உள்ள இழுக்கறாங்க, கோவமா?

இல்லமா, அது "ஆமா"னு அர்த்தம். நானும் முதல்ல பதறிட்டேன்.

கேள்வி: எங்க தாத்தா 60கள்ல அங்க ஸ்கூல் வாத்தியாரா இருந்தாரு. யாருக்காவது ஞாபகம் இருக்குமா?

இருக்கும்மா. மன்னர் ஹைலே செலாசி காலத்துல நம்ம ஊர்லேர்ந்து நிறைய வாத்தியாருங்க போனாங்க. வயசானவங்க கிட்ட இந்தியானு சொல்லுங்க, "எங்க கணக்கு சார் இந்தியாக்காரர்"னு ஆரம்பிச்சிருவாங்க. தாத்தா எந்த ஊர்ல இருந்தாருனு வீட்ல கேட்டுட்டு போங்க. யாராவது காபி குடிக்க உக்கார வெச்சா மூணு ரவுண்டும் குடிச்சுட்டு எந்திரிங்க, அபோல், தோனா, பரக்கா. மூணாவதுலதான் பழைய கதையெல்லாம் வரும்.